தேடிய இடத்தில் இல்லாதவை

ஜூலை 29, திங்கள்

டேனியல் சார் இந்த டைரியைக் கொடுத்தார். ஏதோ மருந்துக் கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்தது. இத்தனை மாதம் அவர் மேசை இழுப்பறையில் கிடந்திருக்கிறது. தரச் சான்றிதழுக்காக வெளியாட்கள் வந்து பார்க்கப் போகிறார்களாம். கணினிப் பிரிவில் அன்றாடம் என்ன நடக்கிறது என்று எழுதி வைக்க வேண்டுமாம்.

"ரெண்டு வரி போதும் மங்கை. கதை எழுத வேண்டாம்" என்றார்.

என் வேலை, இந்த மருத்துவமனையின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது. நோயாளிகளின் பெயர், மருந்து, பரிசோதனை முடிவு, டயாலிசிஸ் யாருக்கு எந்த நாள், எல்லாம் அதில்தான். தினமும் விடியற்காலையில் அதன் பிரதி ஒன்று தனியாக ஒரு பெட்டிக்குப் போய்ச் சேரும். பேக்கப். அந்தப் பெட்டி சர்வர் அறையின் கோடியில் இருக்கிறது. அது நிரம்பிக்கொண்டு வருகிறது. பழையதை அழித்து இடம் பண்ண வேண்டும்.

மதியம் தயிர்ச்சோறு. ஊறுகாய் எடுத்துவர மறந்துவிட்டேன்.

ஜூலை 31, புதன்

பெட்டிக்குள் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த வருடத்துப் பேக்கப்கூட இருக்கிறது. இதுவரை யாரும் எதையும் அழித்ததில்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

கூட்டம். டேனியல் சார், டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ் ஜெசிந்தா சிஸ்டர், நான். ஒரே கேள்விதான்: எவ்வளவு காலம் பின்னோக்கிப் போய் மீட்க முடிய வேண்டும்?

"நேத்து வரைக்கும் இருந்தா போதாதா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"தப்பா ஒண்ணு ஏறி, அது நாள் கழிச்சுத் தெரிஞ்சா என்ன செய்ய, சிஸ்டர்? அந்தத் தப்பு ஏறுறதுக்கு முந்தின நாளுக்குப் போகணும்லா?"

ஒரு மாதம் என்று முடிவானது. அதற்கு முந்தையது தேவையற்றது. அப்படியே கட்டளையில் எழுதிவிட்டேன்.

கட்டளைகள் மொத்தம் மூன்று. முதலாவது, பட்டியலை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் போய், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பேக்கப்பும் அங்கே இருக்கிறதா என்று பார்த்துவரும். அகப்படாததைக் காலாவதி என்று குறிக்கும். இரண்டாவது, காலாவதி என்று குறித்ததைப் பட்டியலிலிருந்து நீக்கும். மூன்றாவது, ஒரு மாதத்துக்கு முந்தையதை நிஜமாகவே அழித்து இடம் பண்ணும். ஒவ்வொன்றையும் செய்யுமுன் 'நீக்கலாமா?' என்று கேட்கும். ஆம் என்று தட்டினால்தான் செய்யும்.

மாலை மாமா தென்காசியிலிருந்து போன் செய்தார். மாமா என்றால் என் கணவரின் அப்பா.

"வக்கீல் கூப்பிட்டாராம்மா?"

"கூப்பிட்டாங்க மாமா. வேலையில இருந்தேன். எடுக்கல."

"சரி. இந்த வாய்தாவையாவது விட்டுராத."

இதை எழுதாவிட்டால் பின்னால் எனக்கே புரியாது. என் கணவர் காணாமல் போய் ஏழு வருடம் தாண்டிவிட்டது. ஏழு வருடம் ஒரு தகவலும் இல்லையென்றால் இறந்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது. அப்படி அறிவிக்கச் சொல்லிப் போன வருடம் மாமா வழக்குப் போட்டார். என்னையும் சேர்த்துத்தான். மனைவி வந்து சாட்சி சொல்லாமல் அது நகராது. இரண்டு வாய்தா போய்விட்டன. ஒரு தடவை இங்கே சர்வர் மாற்றினோம். இன்னொரு தடவை என்ன வேலை என்று இப்போது நினைவில்லை.

மாமா போனை வைக்கும்முன் சொன்னார். "அவன் செத்திருக்கணும்னு எனக்கு என்னம்மா ஆசையா? நான் போறதுக்கு முந்தி அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சிட்டுப் போயிருதேன். வேற யாரு செய்வா?"

"சரி மாமா" என்றேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. தாலிக் கயிறு மாற்றவில்லை. போன வருடம் மாற்றினேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சர்வரில் கூட்டம் குறைவாக இருப்பது ஞாயிறு காலையில்தான். இனி வாராவாரம் அன்றைக்குத்தான் சுத்தம் செய்யும் வேலை. போய் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஆம், ஆம் என்று தட்டினேன். மூன்று வருடத்துப் பேக்கப் போயிற்று. பெட்டியில் பாதிக்கு மேல் இடம் வந்துவிட்டது. ஒன்றும் தோன்றவில்லை. கை மட்டும் வலித்தது.

வீட்டுக்கு வந்தபோது என் மகள் உலகம்மை சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்திருந்தாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் அப்பா போனபோது யு.கே.ஜி.

ஆகஸ்ட் 8, வியாழன்

வக்கீல் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நேரம் கொடுக்கிறார். கோர்ட்டில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித் தருவாராம். ஞாயிறு எனக்கு வேலை இருக்கிறதே என்றேன். மாமா, "அரைமணி நேர வேலைய வேற நாளு செய்யக் கூடாதாம்மா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

கட்டளையில் ஒரு சொல் சேர்த்தேன். கேட்காதே என்ற பொருளில் வரும் சொல். அதைப் போட்டுவிட்டால் ஆம் என்று தட்ட ஆள் வேண்டாம்; குறித்த நேரத்தில் தானே ஓடி, தானே முடித்து, முடிவை மெயிலில் அனுப்பிவிடும். எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள். டேனியல் சாரிடம் சொன்னேன். சரி என்றார்.

இந்த டைரியை இனி அவரிடம் கொடுக்க முடியாது. வேலையை எழுத வேறு நோட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வக்கீல் வீடு வண்ணாரப்பேட்டையில். காப்பி கொடுத்தார்கள். அவர் கேட்டார், நான் சொன்னேன். என் கணவர் அன்று காலையில் வேலைக்குக் கிளம்பினார். மருந்து விற்பனைப் பிரதிநிதி. வண்டியைத் தென்காசி ரயில் நிலைய ஸ்டாண்டில் போட்டிருந்தார். போனை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். சண்டை ஏதும் இல்லை. கடன் ஏதும் இல்லை.

"ஒங்க வாயால அவரு இறந்துட்டாருன்னு சொல்லணும்னு அவசியம் இல்லம்மா. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாப் போதும். தகவல் இல்லைன்னு சொன்னாப் போதும்" என்றார் வக்கீல்.

பேக்கப் சுத்தம் தானாக ஓடிவிட்டது. சரியாக முடிந்ததாக மெயில் வந்திருந்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றினார்கள். மிட்டாயை உலகம்மைக்கு எடுத்துவந்தேன். அவள் இனிப்புச் சாப்பிடுவதை எப்போதோ நிறுத்திவிட்டாளாம். எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

மின்சார வேலை. யுபிஎஸ் பேட்டரி எல்லாம் மாற்றினார்கள். மதியம் டயாலிசிஸ் முடிந்ததும் ஒரு பேக்கப் எடுத்துவிட்டுச் சர்வரை நிறுத்தி, சாயங்காலம் மறுபடி போட்டோம். எல்லாம் ஏறிவந்தது. டேனியல் சார் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று தென்காசி போய்வந்தோம். வெறும் காய்ச்சல்தான். அசையாமல் படுத்திருந்தார். அவருடைய கட்டிலுக்கு மேலே மகன் படம். மாலை போடவில்லை, பொட்டும் வைக்கவில்லை. சட்டத்தை மட்டும் புதிதாக மாற்றியிருந்தார். நல்ல கனமான சட்டம்.

மெயில் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலையில் வேலைக்கு வந்து கைப்பையைக்கூட வைக்கவில்லை. ஜெசிந்தா சிஸ்டர் போன். "ஒண்ணும் திறக்க மாட்டேங்குது மங்கை."

சர்வரில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வட்டுகள் ஒன்றாகப் போய்விட்டன. ஒன்று போனால் தாங்கும். இரண்டு போனால் தாங்காது. சனிக்கிழமை நிறுத்திப் போட்டதில் பழைய வட்டுகள் தளர்ந்திருக்க வேண்டும். கைவசம் இருந்த புது வட்டுகளை மாட்டினோம்.

"பேக்கப்புல இருந்து எடுத்துப் போட்டுருவோம்" என்றார் டேனியல் சார். அவர் முகத்தில் கவலை இல்லை. எனக்கும் இல்லை. இதற்காகத்தானே பேக்கப்.

மீட்கும் கட்டளையைக் கொடுத்தேன். மீட்பதற்குப் பேக்கப் எதுவும் இல்லை என்று வந்தது.

மறுபடி கொடுத்தேன். அதேதான்.

பட்டியலைத் திறந்தேன். காலியாக இருந்தது. ஒரு மாதத்துப் பேக்கப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து படிக்காமல் கிடந்த மெயிலைத் திறந்தேன். ஒவ்வொரு பேக்கப்பின் பெயருக்கு எதிரிலும் காலாவதி, காலாவதி என்று இருந்தது. கடைசியில், எல்லாம் நீக்கப்பட்டன, வேலை சரியாக முடிந்தது என்று இருந்தது.

"எல்லாம் அழிஞ்சிட்டா?" என்று டேனியல் சார் கேட்டார்.

"தெரியல சார்."

"தெரியலன்னா?"

"கேக்காம நீக்குன்னு போட்டது நான்தான் சார்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஏழு வருடமாகவே அப்படித்தான். சுண்டுவிரல் மரத்துப்போன மாதிரி ஓர் இடம், அங்கே தொட்டால் தொட்டது தெரியும், வலிக்காது.

ஜெசிந்தா சிஸ்டர் நேரே வந்துவிட்டார். மற்ற நோயாளிகளைச் சமாளித்துவிட்டாராம். வருடக்கணக்காக வருகிறவர்கள், எடை எவ்வளவு குறைக்க வேண்டும், என்ன மருந்து என்று அவருக்கே மனப்பாடம். ஒருவரைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. சேர்மக்கனி என்று ஒரு பெரியவர், போன வாரம்தான் பெயர் பதிந்து சேர்ந்தார்; இங்கே மெஷினில் ஏறுவது இன்றைக்குத்தான் முதல் தடவை. அவரைச் சேர்த்த நர்ஸ் பிரசவத்துக்குப் போய்விட்டாள், போன் அணைந்திருக்கிறது. முன்பு அவர் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த இடத்தையே மூடிவிட்டார்கள்.

"அவருக்கு ஏதோ ஒண்ணு சேராது. போட்டு ஒருதடவை ஐசியு வரைக்கும் போயிட்டு வந்தவரு. எதுன்னு நம்ம கம்ப்யூட்டர்லதான் இருக்கு. அது தெரியாம மெஷின்ல ஏத்த மாட்டேங்காரு டாக்டர். மருந்தா, ஊசியா, டியூபான்னே தெரியல."

சிஸ்டரோடு கீழே போனேன். போக வேண்டிய அவசியமில்லை. போனேன். சேர்மக்கனி கட்டிலில் படுக்க முடியாமல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. அவர் மனைவி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பேரு ஞாபகம் இருக்கா ஐயா?"

"இங்கிலீஷ் பேரும்மா. சொன்னாவ. எனக்கு எங்க நிக்கி."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். "கம்ப்யூட்டர்ல போட்டுட்டோம், இனிம நீங்க ஞாபகம் வச்சிக்கிட வேண்டாம்னுதானம்மா சொன்னீய?"

நான் சொல்லவில்லை. ஆனால் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மேலே வந்தேன். டேனியல் சார் எங்கோ போன் பேசிக்கொண்டிருந்தார், அழிந்ததை மீட்டுத் தருகிற ஆட்கள் யாராவது சென்னையில் இருக்கிறார்களா என்று. நான் சர்வர் அறைக்குள் போய் நின்றேன். வேறு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை.

கோடியில் அந்தப் பெட்டி இருந்தது. பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பிறகுதான் உறைத்தது. காலையிலிருந்து நான் பார்த்ததெல்லாம் பட்டியலை. பெட்டியைத் திறந்தே பார்க்கவில்லை.

சனிக்கிழமை சர்வரை நிறுத்திப் போட்டபோது பெட்டி சர்வரோடு இணையவில்லை. எல்லாம் ஏறியதா என்று பார்த்தோமே தவிர இதை யாரும் பார்க்கவில்லை. ஞாயிறு காலை கட்டளை தானாக ஓடி, பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் போய்த் தேடியிருக்கிறது. அங்கே ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் காலாவதி என்று குறித்துவிட்டது. அடுத்த கட்டளை கேட்காமலேயே பட்டியலை வழித்துவிட்டது. அழிந்தது பட்டியல் மட்டும்தான்.

பெட்டியை இணைத்தேன். உள்ளே அத்தனையும் இருந்தது. தேதி வாரியாக, வைத்தது வைத்தபடி.

இந்த இடத்தில் இருப்பதையெல்லாம் மறுபடி பட்டியலில் சேர் என்று ஒரு கட்டளை உண்டு. பாடத்தில் படித்திருக்கிறேன், ஒருநாளும் போட்டதில்லை. போட்டேன். ஒவ்வொரு பெயராகத் திரும்ப வந்தது. பிறகு மீட்கச் சொன்னேன். இந்த முறை ஒன்றும் சொல்லாமல் வேலையைத் தொடங்கியது. டேனியல் சார் பின்னால் வந்து நின்றிருந்தார். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "நாங்க பாத்துக்கிடுதோம் சார்" என்று அந்தப் பக்கத்து ஆளிடம் சொல்லி வைத்துவிட்டார்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு டேட்டாபேஸ் திறந்துவிட்டது. முதலில் சேர்மக்கனியைத்தான் தேடினேன். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபாரின். அதுதான் அவருக்கு ஆகாது. போனில் சொன்னேன். ஜெசிந்தா சிஸ்டர் ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது கீழே எட்டிப் பார்த்தேன். சேர்மக்கனி மெஷினில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி தூக்குச்சட்டியிலிருந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பெட்டி இணையாமல் கிடந்த காலத்துப் பேக்கப் எதுவும் இல்லை; தினசரிப் பேக்கப் போய்ச் சேராவிட்டால் சொல்லும் ஏற்பாடும் எங்களிடம் இல்லை. சனி மதியத்தோடு நின்றுவிட்டது. ஞாயிறும் திங்களும் போனது போனதுதான். கையால் ஏற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 21, புதன்

காலையில் வரவேற்பிலிருந்து ஒரு போனை எனக்கு மாற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டர் சம்பந்தமாம்.

ஒரு பெண். மேலப்பாளையத்திலிருந்து. "எங்க வாப்பாவுக்கு நேத்து சாயங்காலம் மெசேஜ் வந்திருக்கு. நாளைக்குக் காலைல டயாலிசிஸ், வெறும் வயித்துல வர வேண்டாம், சாப்பிட்டுட்டு வாங்கன்னு."

"பேரு சொல்லுங்க."

"முகம்மது மைதீன்."

திரையில் பார்த்தேன். புதன், முதல் முறை, நான்காம் கட்டில். "ஆமா. இன்னைக்குத்தான் இருக்கு. வரலியா?"

"வாப்பா ஞாயித்துக்கிழமை மவுத்தாயிட்டாங்க. ஒங்க ஆஸ்பத்திரிலதான்."

சனி மதியத்து நிலைக்கு நான் எல்லாவற்றையும் மீட்டிருக்கிறேன். சனி மதியம் அவர் உயிரோடு இருந்தார். அதனால் கணினி அவருக்கு வழக்கம்போல் நினைவூட்டல் அனுப்பியிருக்கிறது. இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கணினி, சர்வர், வட்டு என்று என்னென்னவோ சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"திட்டுறதுக்குக் கூப்பிடலக்கா. உம்மா இத்தாவுல, துக்கம் காத்துக்கிட்டு இருக்காங்க. தம்பி மெசேஜ சத்தமா வாசிச்சிட்டான். உடனே உம்மா, காலைல ஆட்டோவுக்குச் சொல்லிருங்கன்னாங்க. வாரத்துல மூணு நாளு சொல்லிச் சொல்லிப் பழக்கம். சொல்லிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. இன்னொரு தடவை வந்துராமப் பாத்துக்கிடுங்க."

"வராதும்மா. நான் பாத்துக்கிடுதேன்."

"வெள்ளிக்கிழமையும் அவுகளுக்கு நாளு உண்டு."

"தெரியும்மா. வராது."

இறப்பைப் பதிவு செய்வது வார்டில் உள்ளவர்கள் வேலை. ஜெசிந்தா சிஸ்டரைக் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். ஏனோ கூப்பிடவில்லை. இறப்புச் சான்றின் நகலை வரவழைத்து நானே திறந்தேன். பெயர். வயது. உயிருடன் உள்ளார் என்று இருக்கும் இடத்தை மாற்ற வேண்டும். மாற்றினால் தேதியும் நேரமும் கேட்கும். அவை இல்லாமல் சேமிக்காது. நகலைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாகத் தட்டினேன். சேமித்தேன். அவருடைய வெள்ளிக்கிழமை, அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று முன்கூட்டியே போட்டிருந்த நாட்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாயின.

பிறகு கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். அழவில்லை. முகம்தான் கழுவினேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஞாயிறு, திங்கள் பதிவுகளைத் தாளிலிருந்து ஏற்றினோம். அந்த இரண்டு நாளில் மைதீனோடு இன்னொருவரும் இறந்திருக்கிறார். இரண்டு குழந்தைகள் பிறந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஏற்றினோம்.

ஆகஸ்ட் 24, சனி

நடந்தது பற்றி அறிக்கை எழுதிக் கொடுத்தேன். யார் தவறு என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். டேனியல் சார் படித்துவிட்டு என் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் எழுதினார். "சரின்னு சொன்னது நான்தானே" என்றார்.

கட்டளைகளைத் திருத்தினேன். முதலில் பெட்டி இணைந்திருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அதோடு நின்று எனக்கும் அவருக்கும் செய்தி அனுப்பும். அகப்படாததைக் குறிக்கும், நீக்காது. நீக்குவதற்கு ஒரு ஆள் வந்து பெட்டியைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஆம் என்று தட்ட வேண்டும்.

"வாராவாரம் வரணுமே" என்றார் சார்.

"வாரேன் சார்."

ஆகஸ்ட் 26, திங்கள்

மாமாவுக்குப் போன் செய்தேன். வியாழன் கோர்ட்டுக்கு வருகிறேன் என்று சொன்னேன்.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டேன் மாமா."

ஆகஸ்ட் 28, புதன்

உலகம்மையிடம் எப்படிச் சொல்வது? இத்தனை நாளும் நான் கோர்ட்டுக்குப் போகாததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. அவளுக்காகத்தான். அப்பா இனி இல்லை என்று ஒரு நீதிபதி எழுதிக் கொடுத்த பிறகு அவள் வாசலைப் பார்க்க முடியாதே. வாசலைப் பார்க்கிறாளா என்று நான் கவனித்ததில்லை. பார்ப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

இன்றைக்கும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

கோர்ட் வராந்தாவில் மாமா வெள்ளை வேட்டி சட்டையோடு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். வக்கீலும் இருந்தார். எங்கள் வழக்கைக் கூப்பிடக் கொஞ்ச நேரமாயிற்று. கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தேன்.

கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். எங்கெல்லாம் தேடினீர்கள் என்று கேட்டார்கள். செங்கோட்டை, புனலூர், கொல்லம், சபரிமலை, திருப்பூரில் அவருடைய நண்பர் வீடு, மதுரையில் ஆசிரமம் ஒன்று, பேப்பரில் இரண்டு தடவை விளம்பரம், போலீஸ் கூப்பிட்ட போதெல்லாம் பிணவறை. சொல்லிக்கொண்டே போனேன். எழுதுகிறவர் எழுதி முடிப்பதற்காக நீதிபதி என்னை இரண்டு முறை நிறுத்தினார்.

"போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார். சரிதானே?" என்று வக்கீல் கேட்டார்.

"போன் வீட்டில் இருந்தது."

சவர டப்பாவை எடுத்துப் போயிருந்தார். இரண்டு வேட்டியும். அதை யாரும் கேட்கவில்லை. அவர் போன அன்று மாலையே அலமாரியைத் திறந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. போலீஸ்காரரிடம் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டாரா என்று பார்க்கவில்லை. மாமாவிடம் சொன்னதில்லை.

"இந்த ஏழு வருடத்தில் அவரிடமிருந்தோ, அவரைப் பார்த்தவர்களிடமிருந்தோ ஏதாவது தகவல்?"

"இல்லை."

அவ்வளவுதான். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். தீர்ப்பு அடுத்த மாதம் வரும் என்றார் வக்கீல். மறுப்பதற்கு யாரும் இல்லை. மாமா படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் ஒருநாளும் அவர் என்னைத் தொட்டதில்லை. நான் அவரைப் பஸ் ஏற்றிவிடும்போது, "நீ பொட்டு வச்சிக்கிட்டே இரும்மா. யாரு என்ன சொன்னாலும்" என்றார். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற டவுன் பஸ்ஸின் நம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உலகம்மையின் பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகிவிட்டது. வாசலில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று சொல்லி பஸ் ஏறினோம். ஜன்னலோரம் அவளுக்குக் கொடுத்தேன். நாங்கள் இறங்க வேண்டிய பெருமாள்புரம் போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"கோர்ட்டுக்குப் போயிட்டு வாரேன்."

"அப்பா கேஸா?"

அவளுக்குக் கேஸ் இருப்பது தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. "ஆமா. அடுத்த மாசம் தீர்ப்பு வரும். அப்பா இறந்துட்டாங்கன்னு எழுதிருவாங்க. சும்மா சட்டத்துக்குத்தான். நீ அதை மனசுல வச்சிக்கிட வேண்டாம். ஸ்கூல்ல கேட்டா என்ன சொல்லணும்னு..."

"எம்மா, நான் நாலாங்கிளாஸ்லயே சொல்லிட்டேன்."

"என்னது?"

"அப்பா செத்துட்டாங்கன்னு."

பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார்ட்ட சொன்ன?"

"எல்லார்ட்டயும். கிளாஸ் டீச்சர்ட்டயும்."

"எதுக்குட்டி?"

"எங்க போனாங்க, எங்க போனாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாளுவ. செத்துட்டாங்கன்னு சொன்னதுக்கு அப்புறம் யாரும் கேக்கல."

பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய டீச்சர்கள் ஏன் என் கையைப் பிடித்துக்கொண்டே பேசுவார்கள் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. வருடா வருடம் வேறு வேறு டீச்சர். எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். நல்ல பள்ளிக்கூடம், அதனால்தான் என்று நினைத்திருந்தேன்.

"எப்படிச் செத்தாங்கன்னு சொன்ன?"

"நெஞ்சுவலி. தூங்கும்போது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வலிக்கலன்னு சொன்னேன்" என்றாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் முதல் முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். சின்னப் பிள்ளையிடம் பேசுவது போலச் சொன்னாள். "நீதான் இன்னும் தேடிக்கிட்டு இருந்தியே."

அப்போதுதான் வந்தது. முதலில் சிரிப்பு மாதிரி இருந்தது, பிறகு சிரிப்பு இல்லை. முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கூடையோடு நின்ற ஒரு அம்மாள், "என்னம்மா, எதும் காணாமப் போச்சா?" என்று கேட்டாள். உலகம்மைதான் அவளுக்குப் பதில் சொன்னாள். "இல்ல. எங்கப்பா இறந்துட்டாங்க."

அந்த அம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு என் முதுகில் கையை வைத்தாள்.

பெருமாள்புரம் நிறுத்தம் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. உலகம்மையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. கடைசி நிறுத்தம் வரை போனோம். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம். வண்டி திரும்பக் கிளம்பும்போது கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், பெண்களுக்கான இலவச டிக்கெட் இரண்டைக் கிழித்து உலகம்மையின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.